வீட்டு சர்வர் திறக்கலையா? வைஃபையை அணைத்தும் பார்

தங்கச்சி, காசிமேட்டுப் படகுகளின் படங்கள், தாத்தா துறைமுகத்தில் வேலை செய்த காலத்துக் காகிதங்கள், தெருவின் கேரம் போட்டிப் பரிசளிப்பு என்று நம்ம ஏரியாவின் நினைவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறாய். வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் கணினியை சர்வராக வைத்து, அதிலிருந்தே அவற்றை உலகத்துக்குக் காட்டுகிறாய். ரொம்ப நல்ல காரியம். ஆனால் ஒரு நாள் காலையில் எதுவும் திறக்காது. உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவக் கை துறுதுறுக்கும். தொடாதே. எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று முதலில் பார்.

அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து, 127.0.0.1 என்ற உள்முகவரியில் திறந்து பார். அதுவே வரவில்லையென்றால் கோளாறு மென்பொருளில், இல்லையென்றால் வட்டில். வந்தால், அம்மாவின் போனை வைஃபையில் வைத்து 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரியில் திறந்து பார். அதுவும் வந்தால், வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் தளத்தின் பெயரை அடி. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வைஃபையில் இருந்தபடி பெயரை அடித்துப் பார்த்து முடிவுக்கு வராதே. வெளியே போன கோரிக்கை அதே வீட்டுக்குள் திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் விடுவதில்லை. மதுரையில் நன்றாகத் திறக்கும் தளம் உன் வீட்டில் மட்டும் திறக்காமல் இருக்கும்.

உள்ளே எல்லாம் சரி, வெளியிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் ரவுட்டரின் அமைப்புக்குள் போய் 'வான் ஐபி' என்ற எண்ணைக் குறித்துக்கொள். இணையத்தில் 'what is my ip' என்று தேடி, வரும் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடு. இரண்டும் ஒன்றாக இல்லாமல், ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீ சிஜிநாட்டுக்குள் இருக்கிறாய். ஆசிய பசிபிக் பகுதிக்கான பழைய வகை (ஐபிவி4) முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே ஏறக்குறையத் தீர்ந்துபோயின. அதனால் இணைப்பு நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன; அதுதான் சிஜிநாட். அதற்கென்றே இந்த எண் வரிசையை 2012-இல் ஒதுக்கினார்கள். பழைய ராயபுரத்து ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு வாசல் கதவு ஒன்றுதானே? கதவைத் தட்டுபவருக்கு எந்தக் குடித்தனத்தைத் தேடி வந்தோம் என்று சொல்ல வழியில்லை. வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை உன் ரவுட்டரில் எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. அடைப்பு இணைப்பு நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது.

இதற்கு வழி உண்டு. "சிஜிநாட்டிலிருந்து எடுத்து ஸ்டாடிக் ஐபி கொடுங்கள்" என்று இணைப்பு கொடுத்தவரிடம் இதே சொற்களில் கேள். பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு. ஐபிவி6 முகவரி கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் பார்க்க வருபவரிடமும் ஐபிவி6 இருந்தாக வேண்டும், பல அலுவலக இணைப்புகளில் இன்னும் இல்லை. மூன்றாவது வழி கிளவுட்ஃப்ளேர் டனல் போன்றவை. உன் கணினியே வெளியே போய் ஒரு பாதையைத் திறந்து வைக்கும், ரவுட்டரில் எதையும் திறக்கத் தேவையில்லை. போக்குவரத்து முழுவதும் இன்னொரு நிறுவனத்தின் கை வழியாகப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டு சேர். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இந்த மூன்றாவது வழியைத்தான் சொல்வேன்.

சிஜிநாட் இல்லாதவர்களுக்கு வேறொரு தொல்லை. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டருக்குப் புது முகவரி கிடைக்கும், பெயரோ பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கும். புது முகவரியைத் தானாகப் பெயரோடு சேர்க்கும் டைனமிக் டிஎன்எஸ் போட்டுக்கொள். வீட்டுக்குள்ளும் சர்வரின் எண் மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கிவிடு.

கரண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை மெமரி கார்டில் ஓட்டினால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கார்டு கெடலாம். எஸ்எஸ்டிக்கு மாற்று. பழைய பை பெட்டிகளில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறது என்று பொருள். போன் சார்ஜரைக் கழற்றிவிட்டு அதற்குரிய அடாப்டரைப் போடு. பை 4 வரை உள்ளே கடிகாரமும் கிடையாது. இணையம் வரும்வரை அது பழைய நேரத்திலேயே நிற்கும், அதனால் பாதுகாப்புச் சான்றிதழ் வேலைகள் தடுமாறும். சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வாங்கினால் போதாது. ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வை. மோடத்தில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை; கேபிள்காரரைக் கூப்பிடு, சர்வரைத் தொடாதே. தெருவுக்கே கரண்ட் இல்லையென்றால் மின்வாரியத்தின் மின்னகம் சேவையைக் கூப்பிடு, 94987 94987.

சான்றிதழ் என்றதும் இன்னொன்று. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழின் ஆயுள் 90 நாள். முடியப்போகிறது என்று மின்னஞ்சல் அனுப்புவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்க 80-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் டிஎன்எஸ் வழிச் சோதனைக்கு மாறு. 80, 443 தவிர வேறு எந்தக் கதவையும் வெளியே திறக்காதே.

நம் பக்கத்துக்கென்றே உள்ள எதிரி உப்புக்காற்று. வழிகாட்டி நூல்களில் இதைப் பார்ப்பது அரிது. கடலை ஒட்டிய தெருவில் லேன் கேபிளின் செப்புமுனை பச்சை பூத்துவிடும். இணைப்பு விட்டுவிட்டு வரும், வேகம் 1000-இலிருந்து 100-க்கு இறங்கும். கேபிளை மாற்றிப் பார்ப்பது மலிவான சோதனை. கரித்தூளும் எதிரிதான். சென்னைத் துறைமுகம் 2011-இல் நிலக்கரியைக் கையாள்வதை நிறுத்திய பிறகு ராயபுரத்தில் கரித்தூள் குறைந்தது. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் நிலக்கரியும் சாம்பலும் இன்னும் உண்டு. அதனால் கணினியை ஜன்னலோரம் வைக்காதே, அதன் விசிறியை அடிக்கடி துடை.

தமிழில் படித்துக் கற்க, 2012 முதல் கணியம் இதழ் இருக்கிறது. லினக்ஸ் பற்றிய நூல்களை இலவசமாகத் தருகிறார்கள். சந்தேகம் கேட்க, சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் கூச்சப்படாமல் கேள்.

2016 டிசம்பரில் வர்தா புயல் வந்து போனபின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் மீனவர் வீடுகளுக்குள் வந்தது. பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வை. அந்தப் படங்களின் முழுப் பிரதி ஒன்றை வெளிவட்டில் எடுத்து, தண்ணீர் ஏறாத ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், அதற்குள் செய்துவிடு.