உழுபொறி அகழ்பொறியான வரலாறு

மண் வெட்டும் பொறி யாதாயினும், நம் ஊர்களில் அதனை 'ஜே.சி.பி.' என்றே வழங்குகின்றோம். ஜோசப் சிரில் பாம்போர்டு என்னும் ஆங்கிலேயர் பெயரின் முதலெழுத்துக்களே இவை. 1953-இல் அவர் வெளியிட்ட முதல் அகழ்பொறிக்கு உடலாய் அமைந்தது யாது? 'போர்ட்சன் மேஜர்' என்னும் உழவு டிராக்டரே. அதன் முன்புறம் மண் அள்ளும் வாளியும், பின்புறம் தோண்டும் கையும் பூட்டப்பெற்றன.

அக்கைக்கு வலிமை தருவது எண்ணெய். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எத்திசையும் ஒப்பப் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஆதலின் 1 சதுர அங்குல உந்துதண்டின்மேல் 100 பவுண்டு விசை செலுத்தின், 10 சதுர அங்குல உந்துதண்டு 1000 பவுண்டு விசை தரும். ஆயின் அது நகரும் தொலைவு பத்திலொன்றே. விசையைப் பெறத் தொலைவை ஈதல் வேண்டும்.

மேலும், கை மண்ணை இழுக்குங்கால் மண்ணும் வண்டியை இழுக்கும். வண்டி நகராதிருத்தற்பொருட்டே, தோண்டுமுன் பின்புறத்து இரு கால்களை நிலத்தில் ஊன்றுகின்றனர்.

ஏரியைத் தூர் வாருவதும் இக்கையே. ஆற்று மணலைச் சூறையாடுவதும் இக்கையே. இவ்வேறுபாட்டினைப் பொறி அறியாது. அதனை ஏவும் நாம் அறிதல் வேண்டும்.