டப்பாவின் பெயரை நம்பி டிவிடி வாங்கலாமா?

கேள்வி: என் கல்யாணம், அப்பா இருந்தபோது எடுத்த பனிமய மாதா திருவிழா எல்லாம் விஎச்எஸ் கேசட்டில் இருந்தன. ஸ்டூடியோவில் கொடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டோம். பல வருஷத்துக்கு முன் எழுதிவைத்த டிவிடிகளில் பாதி இப்போது ஓடும்போதே நின்றுவிடுகின்றன. இந்த முறை நல்ல பிளாங்க் டிவிடியாக வாங்கி வீட்டிலேயே எழுதி, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கும் ஒரு செட் கொடுக்க ஆசை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டப்பாவுக்குக் கடைக்குக் கடை ஒரு விலை. எந்தக் கம்பெனி வாங்கலாம்? கடற்காற்று டிஸ்க்கைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: ஒரு கம்பெனி பெயரை மட்டும் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. பிளாங்க் டிஸ்க் வியாபாரத்தில் டப்பாவில் அச்சடித்த பெயர் ஒன்று, டிஸ்க்கைச் செய்த ஆலை வேறொன்று. வெர்பாட்டிம் நெடுங்காலம் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் கையில் இருந்தது. 2019-இல் தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. சோனியோடு சேர்ந்து 1988-இல் சிடி-ஆரை உருவாக்கிய தையோ யூடென், வீட்டில் டிஸ்க் எழுதுகிறவர்களின் செல்லப்பிள்ளை. அது 2015 முடிவோடு இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. 28 ரூபாய் விசிடியும் 34 ரூபாய் டிவிடியுமாகத் தமிழ்ப் படங்களை வீடுவீடாகக் கொண்டுவந்த மோசர் பேர் கம்பெனியைக் கலைக்க 2018-இல் உத்தரவாகிவிட்டது.

அதனால் பழைய புகழுள்ள பெயரோடு ஒரு டப்பா மலிவாகக் கிடைத்தால், அது எத்தனை வருஷம் குடோனில் கிடந்தது என்று கேளுங்கள். எழுதாத டிஸ்க்குக்கும் வயதாகும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2003-இல் வெளியிட்ட கையேடு, எழுதாத டிஸ்க் 5 முதல் 10 ஆண்டு தாங்கும் என்றே கணக்குப் போடுகிறது.

கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் படம் அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். நாம் எழுதும் டிஸ்க்கில் இருப்பது ஒரு சாயப்படலம். லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் கெடும். சாயத்துக்கு மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய படலம் உண்டு, பெரும்பாலும் வெள்ளி. ஈரம் உள்ளே போனால் அது கறுத்துப் பழுதாகும். ஆகவே தூத்துக்குடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சிடிக்கும் டிவிடிக்கும் இதில் வித்தியாசம் இருக்கிறது. சிடி-ஆரில் அந்த வெள்ளிப் படலம் பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே ஒரு கீறல் விழுந்தாலே போச்சு. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடுகள் இரண்டுக்கு நடுவே வைத்து ஒட்டிவிடுகிறார்கள். கடலோர வீட்டுக்கு டிவிடியே மேல். அதிலும் விளிம்பு ஒட்டு சீராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆலையைக் கண்டுபிடிக்க வழி உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தயாரிப்பாளர் குறியீடு பதிந்திருக்கும். இம்க்பர்ன் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பிளாங்க் டிஸ்க்கைப் போட்டால் திரையில் தெரியும். 'எம்சிசி' என்றால் மிட்சுபிஷி தொழில்நுட்பம். 'டிஒய்ஜி' என்றால் தையோ யூடென். 'சிஎம்சி மேக்', 'ரைடெக்' இரண்டும் தைவான் ஆலைகள். மலிவான டிஸ்க்குகளில் இந்தக் குறியீட்டையே போலியாகப் போடுவதும் உண்டு. எனவே குறியீட்டைப் பார்த்ததோடு நிற்காமல் எழுதியும் பாருங்கள்.

உங்கள் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், முதலில் கடலடித் திட்டான பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, முத்தைப் பிரித்து மதிப்புப் போட்டுப் பார்த்த பிறகே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். டிஸ்க்குக்கும் அதே முறைதான். ஐம்பது உள்ள டப்பாவை எடுத்த எடுப்பில் வாங்காமல், ஐந்தோ பத்தோ வாங்கி எழுதிப் பாருங்கள். பிடித்திருந்தால் அதே குறியீடுள்ள டப்பாவை வாங்கலாம்.

எழுதும்போது இவற்றைக் கவனியுங்கள்:

1. உங்கள் தேவைக்கு ஒற்றை அடுக்கு டிவிடி-ஆர் போதும். பழைய பிளேயர்களும் அதைப் பெரும்பாலும் ஏற்கும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கைப் பாதுகாப்புக்கு வைக்காதீர்கள்.

2. 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் கம்ப்யூட்டரில் 4.4-க்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். நல்ல தரத்தில் ஒரு டிஸ்க்குக்கு இரண்டு மணி நேரப் படம் என்று கணக்கு வையுங்கள். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒன்றில் திணித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும்.

3. 16 எக்ஸ் டிஸ்க்கை 8 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். முடிந்ததும் சரிபார்ப்பு ஓடவிடுங்கள். பிறகு வேறொரு வீட்டு பிளேயரில் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எழுத்து நடுவிலிருந்து விளிம்புக்குப் போவதால் கோளாறு பெரும்பாலும் கடைசிப் பகுதியில்தான் தெரியும்.

4. ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். பசை டிஸ்க்கைப் பாதிக்கும், ஒரு பக்கம் எடை கூடினால் ஆட்டமும் காணும். தண்ணீரில் கரையும் மையுள்ள மென்முனைப் பேனாவால் எழுதுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். கெட்டியான பெட்டியில் நிற்கவைத்து, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். ஜன்னலோரம், மொட்டை மாடி அறை, காருக்குள் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அதனால் தரையோரத் தட்டு வேண்டாம். டிஸ்க் நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறலை பிளேயர் சமாளிப்பது கடினம்.

நின்றுபோன பழைய டிவிடிகளையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படித்துவிடும். கேசட்டில் இல்லாத காட்சி அவற்றில் இருந்தால் இப்போதே பிரதி எடுங்கள்; நாள் போகப் போக இன்னும் கெடும்.

தம்பிக்கு அனுப்புமுன் அவரிடம் டிவிடி டிரைவ் இருக்கிறதா என்று கேளுங்கள். புது லேப்டாப்களில் பெரும்பாலும் அது கிடையாது. எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை சோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே மூலக் கோப்பை ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்து, டிவிடியை இரண்டாம் பிரதியாக நினையுங்கள். ஒரு செட் உங்களிடமும் ஒரு செட் தம்பியிடமும் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று திக்கினால் அன்றைக்கே ஹார்டு டிஸ்க்கிலிருந்து புதிதாக எழுதிவிடுங்கள்.