நல்ல வீரரை ஏன் விட்டுக்கொடுக்கிறார்கள்?

கேள்வி: மொன்றியல் கனடியன்ஸ் ஹொக்கி அணி, நன்றாக ஆடுபவர்களை அனுப்பிவிட்டுச் சின்னப் பையன்களைச் சேர்த்துவந்தது சரிதானா?
(வாசகர், மொன்றியல்)

பதில்: சரிதான். 2021இல் ஸ்டான்லி கோப்பை இறுதிப்போட்டி வரை போன அணி, அடுத்த பருவத்திலேயே லீக்கின் கடைசி இடத்துக்கு விழுந்தது. 2022 ஜனவரியில் பொது மேலாளராக வந்த கென்ட் ஹியூஸ், ஒப்புக்கு ஒட்டுப்போடாமல் அணியை அடியிலிருந்து கட்டத் தொடங்கினார்.

ஒரு வீரரின் மதிப்பு கோல் கணக்கு மட்டுமல்ல. வயது, சம்பளம், ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள ஆண்டுகள் எல்லாம் சேர்ந்ததே அது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் உச்சவரம்பு வைத்திருப்பதால், ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும்.

ஷோன் மொனகன் என்ற வீரரையே பாருங்கள். காயத்தால் தளர்ந்திருந்த அவருடைய பெரிய சம்பளத்தை இறக்கிவைக்க, 2022 ஆகஸ்டில் கல்கரி அணி அவரோடு, ஆண்டுதோறும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில் முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்றையும் சேர்த்தே மொன்றியலுக்குக் கொடுத்தது. அவர் தேறினார், குறைந்த சம்பளத்தில் மீண்டும் ஒப்பந்தமானார். 2024 பெப்ரவரியில் அவரை வினிபெக்குக்கு அனுப்பி, இன்னொரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் மொன்றியல் வாங்கிக்கொண்டது.

ஆள் பார்க்கும் கண்ணும் வேண்டும். 2022 இளம் வீரர் தேர்வில் முதலாவதாக யுராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்த அணி, 62ஆவதாக லேன் ஹட்சனை எடுத்தது. உருவத்தில் சிறியவர் என்று மற்ற அணிகள் தாண்டிப்போன ஹட்சன்தான் 2025இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதை வென்றார். அந்த ஆண்டே அணி பிளேஆஃப் சுற்றுக்குத் திரும்பியது.

தோல்விப் பருவங்களில் பொறுமை காத்த ரசிகர்களுக்கும் இதில் பங்குண்டு. இந்தப் பையன்களை நம்பி ஆதரியுங்கள்.