கடற்செவிகள் இரண்டு

கடற்கரையில் சங்கும் சிப்பியும் பொறுக்காதவர் நம்மில் யார்? அபலோனியும் சங்கைப் போல ஒற்றை ஓடுடைய உயிரே. ஓடு செவி வடிவில் இருப்பதால் அறிவியலார் அதற்கு ‘ஹாலியோட்டிஸ்’ என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் இதற்குக் ‘கடற்செவி’ என்பது பொருள். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடலில் வாழும் கறுப்பு அபலோனி, வெள்ளை அபலோனி ஆகிய இரண்டையும் இங்கு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒற்றுமைகளைக் காண்போம். இரண்டும் தசைப்பற்றுள்ள ஒரே பாதத்தால் பாறையைப் பற்றிக்கொள்கின்றன, கடற்பாசியை உண்கின்றன. ஓட்டின் ஓரத்தில் வரிசையாக உள்ள துளைகளின் வழியே, சுவாசித்த நீரை வெளியேற்றுகின்றன.

இனி வேற்றுமைகள். கறுப்பு அபலோனி, அலை மோதும் கரையோரப் பாறை இடுக்குகளில் வாழ்வது. அதன் ஓடு கருநீலமானது, வழவழப்பானது. பெரும்பாலும் 5 முதல் 7 திறந்த துளைகள் ஓட்டோடு ஒட்டிச் சமமாக இருக்கும். வெள்ளை அபலோனியோ ஆழ்நீரை நாடுவது. 50 மீட்டர் ஆழத்திலும் வாழும். பெயர் வெள்ளையாயினும் மேலோடு செம்பழுப்பு நிறம். துளைகள் 3 முதல் 5 வரையே. அவையும் சற்று மேடிட்டிருக்கும்.

இவற்றுக்கு நேர்ந்த துன்பமும் வெவ்வேறு. 1980களில் கறுப்பு அபலோனியை ஒரு பாக்டீரியா நோய் தாக்கியது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் பாதம் சுருங்கி, பாறையைப் பற்ற வலுவின்றி அவை உதிர்ந்தன. கடல்நீர் வெப்பமானபோது நோய் மேலும் கடுமையாயிற்று.

வெள்ளை அபலோனியை அழித்ததோ மனிதரின் ஆசை. அதன் இறைச்சிக்காக 1970களில் அளவின்றிப் பிடித்தனர். 1996இல் தடை வந்தது; அதற்குள் காலம் கடந்துவிட்டது. அபலோனிகள் ஆணணுவையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. அவை அங்கே கூடினால்தான் கரு உண்டாகும். எஞ்சிய சிலவோ ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருந்தன. ஆகவே பிடிப்பதை நிறுத்திய பின்னும் இனம் பெருகவில்லை.

அமெரிக்க அரசு 2001இல் வெள்ளை அபலோனியையும், 2009இல் கறுப்பு அபலோனியையும் அழியும் நிலையிலுள்ள உயிர்களாக அறிவித்தது. ஆய்வுக்கூடத் தொட்டிகளில் வளர்த்த வெள்ளை அபலோனிகளை 2019 முதல் கடலில் விட்டு வருகின்றனர்.

தோழியரே, இதிலிருந்து நாம் கற்பது யாது? ஓர் உயிரினத்தின் கடைசி உயிர் மடியும் வரை அழிவு காத்திருப்பதில்லை. சேர்ந்து வாழ இயலாதபடி சிலவே எஞ்சும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஆதலால் நிறைந்திருக்கும் காலத்திலேயே அளவறிந்து எடுக்கப் பழகுவோம்.