பேரியந்திரத்தைப் பேணுவோர்

நுழையும் முன்

அறிவியல் உலகின் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தித்தாள்களின் முதற்பக்கத்தில் வெளியாகின்றன. அக்கண்டுபிடிப்புகளுக்கு உதவிய கருவிகளை நாள்தோறும் அளந்து, துடைத்து, பழுது நீக்கி வருவோரின் உழைப்பு பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. உலகின் மிகப் பெரிய இயற்பியல் ஆய்வுக்கருவி ஒன்றைப் பராமரிப்போரின் பணியை இப்பாடம் விளக்குகிறது.

நிலத்தடியில் ஒரு வளையம்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகருக்கு அருகில், பிரான்சு நாட்டின் எல்லையை ஒட்டி, ‘செர்ன்’ என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிறுவனம் அமைந்துள்ளது. இது 1954ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. இங்கே நிலமட்டத்திற்குக் கீழே, ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட வட்டச் சுரங்கம் ஒன்று உள்ளது. மேலே வயல்களும் சிற்றூர்களும் விளங்க, கீழே அச்சுரங்கத்தில் ‘பெரும் ஹாட்ரான் மோதுவி’ எனப்படும் துகள் முடுக்கி இயங்குகிறது.

அணுக்கருவில் உள்ள புரோட்டான் என்னும் நுண்துகள்கள் இதனுள் இரண்டு கற்றைகளாக எதிரெதிர்த் திசைகளில் செலுத்தப்படுகின்றன. ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில், அவை ஒரு நொடிக்குள் 11,000 முறைக்கு மேல் வளையத்தைச் சுற்றி வருகின்றன. நான்கு இடங்களில் அக்கற்றைகள் மோதவிடப்படுகின்றன. அம்மோதல்களில் பிறக்கும் துகள்களை ஆராய்ந்தே, ஹிக்ஸ் போசானை ஒத்த புதிய துகள் கண்டறியப்பட்டதாக 2012 ஜூலை 4ஆம் நாள் அறிவிக்கப்பட்டது.

விரைந்து செல்லும் துகள் இயல்பாக நேர்கோட்டிலேயே செல்லும். அதனை வளையத்திற்குள் வளைத்துச் செலுத்துவதற்காக 1232 பெரிய மின்காந்தங்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் உடையது. இக்காந்தங்களில் 11,000 ஆம்பியர் அளவிற்குப் பாயும் மின்சாரத்தைச் சாதாரணச் செப்புக் கம்பி தாங்காது. கடும் வெப்பமடைந்து உருகிவிடும். எனவே, நியோபியமும் டைட்டானியமும் கலந்த உலோகத்தால் கம்பிகள் செய்யப்பட்டுள்ளன. மிகக் கடுங்குளிரில் இவ்வுலோகக் கலவை மீக்கடத்தியாக மாறும். அப்போது அதில் மின்தடை அறவே இராது.

அக்குளிர்நிலை −271.3 டிகிரி செல்சியஸ் ஆகும். இது விண்வெளியின் குளிரைக் காட்டிலும் மிகுதியானது. இந்நிலையைக் காக்க ஏறத்தாழ 120 டன் ஹீலியம் காந்தங்களின் வழியே நிரப்பப்படுகிறது. கற்றை செல்லும் குழாயினுள் காற்று இருத்தலாகாது. அங்கு வெற்றிடம் நிலவ வேண்டும். குளிர், வெற்றிடம், மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு அமைப்புகள் உடனே செயற்படும். கற்றை வளையத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, கிராபைட் பாளம் ஒன்றில் மோதி அடங்கும். பின்பு குறையைக் கண்டறிந்து நீக்கினால்தான் ஆய்வு தொடரும்.

அன்றாடப் பணிகள்

கட்டுப்பாட்டு அறையில் இரவும் பகலும் முறைவைத்துப் பணியாற்றுவோர் இருப்பர். குளிர்விப்புப் பொறிகள், எக்கிகள், மின்மாற்றிகள், காற்றோட்ட அமைப்புகள் ஆகியவற்றின் அளவுகள் அவர்கள்முன் உள்ள திரைகளில் தெரிந்துகொண்டே இருக்கும். ஓர் அளவு சற்றே மாறினாலும் அதன் காரணத்தை ஆராய்வர். சில வேளைகளில் காரணம் எதிர்பாராததாக இருக்கும். 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கீரியைப் போன்ற ஒரு சிறு விலங்கு நிலத்தின்மேல் இருந்த 66,000 வோல்ட் மின்மாற்றியில் ஏறியது. அதனால் மின்சுற்றுத் தடைப்பட்டு, முடுக்கியின் இயக்கம் நின்றது.

முடுக்கி ஆண்டு முழுவதும் இயங்குவதில்லை. குளிர்காலத்தில் சில வாரங்கள் அது நிறுத்தப்படும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்டகால நிறுத்தமும் உண்டு. பராமரிப்புப் பணியாளர்களுக்கு அதுவே ஓய்வில்லாக் காலம். குளிர்விப்புக் கோபுரங்களைத் தூய்மை செய்தல், ஹீலியத்தை அழுத்தும் பொறிகளைப் பிரித்துப் பார்த்தல், வடிகட்டிகளை மாற்றுதல், மின்தூக்கிகளையும் அவசர விளக்குகளையும் சோதித்தல், தீயறிவிப்புக் கருவிகளைச் சரிபார்த்தல் எனப் பணிகள் பல. இவற்றுள் ஒன்றும் பெரிய ஆராய்ச்சி அன்று. ஆயினும், இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் ஆராய்ச்சி நடைபெறாது.

சாவியும் முகமூடியும்

கற்றை நின்றவுடன் யாரும் சுரங்கத்தினுள் நுழைய இயலாது. இயந்திரத்தின் சில பகுதிகளில் கதிர்வீச்சு எஞ்சியிருக்கும். அது தணியும்வரை காத்திருந்து, கதிர்வீச்சுப் பாதுகாப்பு வல்லுநர்கள் முதலில் சென்று அளந்து பார்ப்பர். அவர்கள் இசைவு தந்த பின்னரே ஏனையோர் செல்வர்.

உள்ளே செல்லும் ஒவ்வொருவரும் தலைக்கவசமும் பாதுகாப்புக் காலணியும் அணிய வேண்டும். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் சிறு கருவியைச் சட்டையில் பொருத்திக்கொள்ள வேண்டும். ஆபத்துக் காலத்தில் மூச்சு விட உதவும் முகமூடியையும் எடுத்துச் செல்ல வேண்டும். முகமூடி எதற்காக? ஹீலியம் நஞ்சன்று. ஆயினும், ஒரு லிட்டர் நீர்ம ஹீலியம் கசிந்து வளிமமானால் 700 லிட்டருக்கும் மேலாக விரிந்து காற்றை விலக்கிவிடும். அப்போது மூச்சு விட ஆக்சிஜன் இராது. ஆகவே, அபாய ஒலி கேட்டவுடன் கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு, முகமூடியை அணிந்து, வெளியேறும் வழியை நோக்கி நடக்க வேண்டும் என்பது விதி.

நுழைவாயிலில் உள்ள கருவி வருபவரின் கண்ணின் கருவிழிப்படலத்தைப் பார்த்து அவரை அடையாளம் காணும். அங்குள்ள பெட்டியிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சாவியை எடுத்துச் செல்வர். அப்பெட்டியில் ஒரு சாவி குறைந்தாலும் முடுக்கியை இயக்க முடியாது. தம் உயிருக்குரிய காப்பைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் பணிசெய்கின்றனர்.

சுரங்கம் மிக நீண்டது. எனவே, பணியாளர்கள் மிதிவண்டிகளிலும் சிறிய மின்வண்டிகளிலும் செல்கின்றனர். மேற்கூரைத் தண்டவாளத்தில் தொங்கியவாறு நகரும் இயந்திர மனிதக் கருவிகளும் உண்டு. அவை படம் பிடித்தும், கதிர்வீச்சையும் ஆக்சிஜன் அளவையும் அளந்தும், மனிதர் செல்ல இயலாத வேளைகளில் உதவுகின்றன.

ஓர் இணைப்புத் தந்த பாடம்

முடுக்கியில் முதன்முதலாகக் கற்றை சுற்றிவந்த நாள் 2008 செப்டம்பர் 10. உலகமே அதனைக் கொண்டாடியது. ஒன்பது நாள்கள் கழிந்தன. செப்டம்பர் 19ஆம் நாள், கற்றை இல்லாமல், ஒரு பகுதியின் காந்தங்களில் மின்சாரத்தை மட்டும் படிப்படியாக உயர்த்திச் சோதித்துக்கொண்டிருந்தனர். அப்போது இரண்டு காந்தங்களுக்கு இடையே இருந்த ஒரு மின் இணைப்பு பழுதுபட்டது.

காந்தங்களை இணைக்கும் கம்பிகள் வெள்ளீயமும் வெள்ளியும் கலந்த பற்றாசினால் ஒட்டப்பட்டவை. பழுதான இணைப்பில் பற்று சரியாக அமையவில்லை. அங்கு எழுந்த சிறு மின்தடை வெப்பத்தைத் தந்தது, வெப்பம் மீக்கடத்தும் தன்மையைப் போக்கியது, இணைப்பு உருகியது. அதில் தோன்றிய மின்பொறி ஹீலியம் இருந்த கலத்தைத் துளைத்தது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது. அதன் அழுத்தம், பல டன் எடையுள்ள காந்தங்கள் சிலவற்றை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்துத் தள்ளியது.

மின்சாரம் செலுத்தும்போது சுரங்கத்தினுள் யாரும் இருத்தலாகாது என்னும் விதி கடைப்பிடிக்கப்பட்டதால், ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் இயந்திரத்திற்கு நேர்ந்த இழப்புப் பெரிது. கடுங்குளிரில் இருந்த காந்தங்களைத் தொடுவதற்கே, அவற்றை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வெப்பமூட்ட வேண்டியிருந்தது. 53 காந்தங்கள் மேலே கொண்டுவரப்பட்டுப் பழுது நீக்கப்பட்டன; அல்லது மாற்றப்பட்டன. கற்றைக் குழாயினுள் படிந்த கரித்துகள்கள் துடைத்தெடுக்கப்பட்டன. 2009 நவம்பரில்தான் கற்றை மீண்டும் சுற்றியது. கையடக்கமான ஓர் இணைப்பின் குறை, ஓராண்டிற்கும் மேலாக அந்தப் பேரியந்திரத்தை நிறுத்திவைத்தது.

பத்தாயிரம் இணைப்புகள்

ஓர் இணைப்பில் குறை இருந்ததெனின், ஏனையவற்றிலும் இருக்கலாம் அன்றோ? அவ்வையத்தைப் பொறியாளர்கள் புறந்தள்ளவில்லை. 2010ஆம் ஆண்டில் முடுக்கியை, வடிவமைக்கப்பட்ட ஆற்றலின் பாதியளவில் மட்டுமே இயக்குவது என முடிவு செய்தனர். விரைந்து முழு ஆற்றலை எட்ட வேண்டும் என்னும் ஆவலைவிட, இணைப்புகளின் தாங்குதிறனை அவர்கள் பெரிதாக மதித்தனர். ஹிக்ஸ் போசான் ஆய்வும் இவ்வாறு ஆற்றலைக் குறைத்து இயக்கிய காலத்திலேயே நடந்தது.

2013ஆம் ஆண்டில் முதல் நீண்டகால நிறுத்தம் தொடங்கியது. காந்தங்களுக்கு இடையே உள்ள 10,000க்கும் மேற்பட்ட இணைப்புகளும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கப்பட்டன. வெளியுறையை வெட்டித் திறத்தல், மின்தடையை அளத்தல், குறையுள்ள இடத்தில் பற்றாசைப் பிரித்து மீண்டும் வைத்தல், மேலே செப்புத் துண்டுகளைப் பொருத்தி வலுவூட்டல், உறையை மூடிப் பற்றவைத்தல், கசிவு உண்டா எனச் சோதித்தல் என்னும் படிகள் ஓரிணைப்பிலிருந்து மற்றோர் இணைப்பிற்குத் தொடர்ந்தன. ஒருவர் செய்ததை மற்றொருவர் அளந்து பார்த்துப் பதிவு செய்தார். 2015ஆம் ஆண்டில் முடுக்கி மீண்டும் இயங்கியபோது, அதன் மோதல் ஆற்றல் 8 டெரா எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 13 ஆக உயர்ந்தது.

இந்தியா தந்த தாங்கிகள்

நிலம் அசையாதது போலத் தோன்றினாலும் மிக நுண்ணிய அளவில் அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால் காந்தங்களும் தம் நிலையிலிருந்து சற்றே விலகும். நிறுத்தக் காலங்களில் அளவையாளர்கள் அவற்றின் நிலையை அளந்து நேர்செய்கின்றனர். அதற்கு உதவுபவை காந்தங்களுக்கு அடியில் உள்ள ‘ஜாக்கி’ எனப்படும் தாங்கிகள். வளைக்கும் காந்தம் ஒவ்வொன்றும் மூன்று தாங்கிகளின்மீது அமர்ந்துள்ளது. 35 டன் எடையைத் தாங்கிக்கொண்டே, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான அளவில் அதனை நகர்த்த இவற்றால் இயலும்.

இத்தாங்கிகள் ஏறத்தாழ 7000 இந்தியாவில் செய்து அனுப்பப்பட்டவை. இந்தூரில் இன்று ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையம் என வழங்கும் நிறுவனம் இப்பணிக்குப் பொறுப்பேற்றது. 2017ஆம் ஆண்டில் இந்தியா செர்ன் நிறுவனத்தின் இணை உறுப்பு நாடாயிற்று. சோழர் காலச் செப்புத் திருமேனிகளால் புகழ்பெற்ற ஆடவல்லான் வடிவம் ஒன்றும் இந்தியாவின் அன்பளிப்பாக 2004 முதல் அந்நிறுவன வளாகத்தில் நிற்கிறது.

இறுதி நடை

பணிகள் யாவும் முடிந்தபின், கற்றையைச் செலுத்துவதற்கு முன்னர், ஒரு கடமை எஞ்சியிருக்கும். ஒரு குழுவினர் சுரங்கத்தின் பகுதிகளைக் கடந்து, மூலை முடுக்குகளையெல்லாம் பார்ப்பர். யாரேனும் உள்ளே தங்கிவிட்டனரா என அறிவதே அந்நடையின் நோக்கம். இருப்புப்பாதையை நடந்து பார்த்துச் செல்லும் இரயில்வே ஊழியரின் பணி போன்றது இது. பார்த்து முடித்த பகுதியின் கதவுகள் மூடப்படும். பின்னர் அக்கதவுகளுள் ஒன்று முறையின்றித் திறக்கப்பட்டால், அப்பகுதிக்கான நடை செல்லாததாகிவிடும். மீண்டும் முதலிலிருந்து பார்த்து வர வேண்டும். ஆய்வாளர்கள் எத்துணை ஆவலோடு காத்திருப்பினும் இவ்விதி தளர்த்தப்படுவதில்லை.

சாவிகள் அனைத்தும் பெட்டிக்குத் திரும்பிய பின்னரே எச்சரிக்கை ஒலி எழும். அதன்பின் காந்தங்களில் மின்சாரம் ஏறும். புரோட்டான்கள் மீண்டும் வளையத்தைச் சுற்றத் தொடங்கும்.

சொற்பொருள்

பேணுதல் – பாதுகாத்தல், பராமரித்தல்
கற்றை – தொகுதி, ஒன்றுசேர்ந்த கூட்டம்
எக்கி – நீரையோ வளிமத்தையோ இறைக்கும் பொறி
இசைவு – ஒப்புதல்
பற்றாசு – உலோகங்களை ஒட்டவைக்கும் உலோகக் கலவை
ஐயம் – சந்தேகம்
ஆடவல்லான் – நடராசர்

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடை எழுதுக.
1. முடுக்கி அமைந்துள்ள சுரங்கத்தின் சுற்றளவு யாது?
2. காந்தங்களைக் குளிர்விக்கப் பயன்படும் பொருள் எது?
3. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட தாங்கிகள் எந்நகரில் உள்ள நிறுவனத்தின் பொறுப்பில் செய்யப்பட்டன?

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. சுரங்கத்தினுள் செல்வோர் முகமூடியை எடுத்துச் செல்வது ஏன்?
2. 2008ஆம் ஆண்டு விபத்தில் ஒருவருக்கும் தீங்கு நேராதது எதனால்?
3. 2010ஆம் ஆண்டில் முடுக்கியைக் குறைந்த ஆற்றலில் இயக்கியதன் காரணம் யாது?

இ. பிரித்து எழுதுக.
பேரியந்திரம், முதற்பக்கம், அவ்வையம், ஒவ்வோர் இணைப்பு

ஈ. சிந்தித்து எழுதுக.
‘திறந்த கதவு ஒன்றிற்காக, நடந்த பகுதியை மீண்டும் நடந்து பார்ப்பது காலத்தை வீணாக்குவதாகும்’ என்று ஒருவர் கூறினால், நீ என்ன விடை கூறுவாய்? பத்துத் தொடர்களில் எழுதுக.

உ. செயற்பாடு
உன் பள்ளியிலோ, நீ வாழும் குடியிருப்பிலோ பராமரிப்புப் பணி செய்யும் ஒருவரிடம் உரையாடுக. அவர் நாள்தோறும் சரிபார்ப்பவை யாவை, ஒன்று விடுபட்டால் என்ன நேரும் என்பவற்றைக் கேட்டறிக. அவர் பேசும் மொழி எதுவாயினும், நீ அறிந்தவற்றைத் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள பெரியோரிடம் படித்துக் காட்டுக.