காய்ச்செடிக்கு முன்னே பூச்செடி

குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் முந்திப் பூக்கும் செடி என்றால் பனி விலகியதும் மலர்வது. சிட்கோ தொழிற்பேட்டையும் நான்குவழிச் சாலையுமாக வெயிலில் காயும் கப்பலூருக்கு அந்தக் கணக்கு உதவாது. ஆடிப்பட்டத்தில் போடும் காய்ச்செடிகளுக்கு முன்னால் எது பூக்கிறதோ, அதுதான் இங்கே முந்திப் பூப்பது. காய்ச்செடி மொட்டு விடும்போது தேனீயும் வண்டும் தோட்டத்துக்கு வந்து பழகியிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• கத்தரி விதையை நாற்றங்காலில் தூவும் அன்றைக்கே தட்டைப்பயறு, எள், கடுகு, கொத்தமல்லியை வரப்போரம் போட்டுவிடுங்கள். இவை ஏறக்குறைய 35 முதல் 45 நாளில் பூக்கும். கத்தரி நாற்றைப் பிடுங்கி நட்டு, அது பூக்க இரண்டு மாதம் ஆகிவிடும். வெண்டை ஐந்தாறு வாரத்திலேயே பூக்கும். அதற்குப் பூச்செடியை இரண்டு வாரம் முந்தியே விதையுங்கள். ஆடி வெயிலில் கொத்தமல்லி தழைக்காமல் பூவுக்கு ஓடும். கீரை விற்பவருக்கு அது நஷ்டம், நமக்கு லாபம்.

• எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி என்று பார்த்து நடுங்கள். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் சிறு துளைக்குள் அடைபட்டிருக்கும், அதிர்ந்தால்தான் கொட்டும். அடுக்குத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைப்பவை கறுத்துப் பருத்த தச்சுத்தேனீயும் வயிற்றில் நீலவரி ஓடும் தேனீயும்தான். ஆவாரம்பூவிலும் மகரந்தம் இப்படித்தான் அடைபட்டிருக்கும். ஆகவே வேலியோரம் இரண்டு ஆவாரை நிற்கட்டும். வறண்ட கரிசலிலும் தாங்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. பட்டுப்போன முருங்கைக் கட்டை ஒன்றை அப்படியே விட்டுவையுங்கள், தச்சுத்தேனீ குடைந்து குடியிருக்கும். நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டும். ஓரமாகக் கொஞ்சம் வெற்றுத் தரை விடுங்கள்.

• கொத்தமல்லி, சோம்பு இரண்டில் ஒன்றாவது இருக்கட்டும். குடைவிரித்த அந்தப் பொடிப்பூக்களில்தான் சின்னக் குளவிகளும் மலர் ஈக்களும் தேன் குடிக்கும். மலர் ஈயின் புழுக்கள் பல அசுவினியைத் தின்பவை.

• ஐப்பசி மழையில் கரிசல் நிலத்தில் தண்ணீர் நிற்கும். மேட்டுப்பாத்தி போடுங்கள்.

செய்யக்கூடாதவை

• மல்லிகை இருக்கிறதே என்று நிறைவடையாதீர்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அதை அரும்பிலேயே பறித்துவிடுகிறோம். செடியில் விரியாத பூவால் பூச்சிக்கு என்ன பயன்?

• பந்துபோல் திரண்ட அடுக்குச் செண்டுமல்லியை வாங்காதீர்கள். மாலைக்கு அது சரி. அந்த இதழ்க்காட்டுக்குள் தேனைத் தேடுவது பூச்சிக்குப் பெரும்பாடு. ஒற்றை வரிசை இதழ் உள்ள செண்டுமல்லி போதும்.

• சாயம் பூசிய விதை வேண்டாம். அந்தச் சாயத்தோடு மருந்தும் சேர்ந்திருப்பது வழக்கம். சில மருந்துகள் செடிக்குள் ஊடுருவித் தேன்வரை போகும். அப்படிப்பட்ட நியோநிகோட்டினாய்டு வகையில் மூன்றை வெளிநிலங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது.

• தட்டைப்பயறில் அசுவினி ஏறியதும் பம்ப்பைத் தூக்காதீர்கள். அதைத் தின்னப் பொறிவண்டு வரும், சில நாள் பொறுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசலானாலும் பூத்த நேரத்துக் காலையில் தெளிக்க வேண்டாம். பொழுது சாய்ந்தபின் தெளியுங்கள். சுரை, புடலை மட்டும் விலக்கு. அவை அந்தியில் விரிந்து அந்துப்பூச்சிக்குக் காத்திருப்பவை.

• பட்டாம்பூச்சி வருகிறதே என்று உண்ணிச்செடியை உள்ளே விடவே கூடாது. பறவை தின்று போடும் விதையில் அது ஊரையே பிடித்துக்கொள்ளும்.

• வரப்போரத் தும்பையைக் களையென்று பிடுங்கிவிடாதீர்கள். மழை விழுந்ததும் தானாக முளைத்துப் பூப்பது அது.