சயனைடு மேடும் ஏரிச் சேறும்

நம்பிக்கை: கோலார் தங்கவயலில் மைசூர் மைன்ஸ் பக்கம் நிற்கும் மண் மேடுகள் முழுக்கச் சயனைடு; ஆபத்தும் அதுதான்.

உண்மை: பொடித்த பாறையிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கப் பயன்பட்டது சயனைடு. வெயிலிலும் காற்றிலும் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும்; இரும்போடு பிணைந்தது மட்டும் நெடுங்காலம் தங்கும். சிதையவே சிதையாதது ஆர்சனிக். கோலார் பாறையில் தங்கத்தோடு அதன் கனிமமும் உண்டு. தனிமம் என்பதால் எந்த வெயிலும் அதை அழிக்காது. தங்கவயல் மேடுகளில் மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கும் மண் மாவு போல நைசானது. காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து விழும். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். மழை பெய்தால் ஓடை வழியே ஏரியில் இறங்கும்.

நம்பிக்கை: ஏரித் தண்ணீர் சோதனையில் தேறிவிட்டால் கவலை இல்லை.

உண்மை: தண்ணீர் அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். ஆர்சனிக் இரும்புத் துருவோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீரும்போது துரு கரையும். ஆர்சனிக்கும் நீருக்குத் திரும்பும். அதனால்தான் ஆய்வாளர்கள் சேற்றில் குழாயை இறக்குகிறார்கள். குழாயோடு வரும் சேற்றை ஒவ்வொரு சென்டிமீட்டராக அறுத்து, உலர்த்தி, தனித்தனியே அளக்கிறார்கள். அடுக்குகளின் வயதைக் காட்டுவது ஈயம்-210. சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் இந்தக் கதிரியக்க ஈயத்தை வைத்து ஏறத்தாழ 150 ஆண்டு வரை கணக்கிடலாம். சுரங்கம் நடத்த ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது 1880-இல். ஆகவே தூர் வாராத ஏரி ஒன்று கிடைத்தால், சுரங்கத்துக்கு முந்தைய சேறும் பிந்தைய சேறும் ஒரே குழாயில் வந்துவிடும். பாறையிலேயே ஆர்சனிக் உள்ள ஊரில், இயற்கை தந்தது எவ்வளவு, ஆலை சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி இல்லை.

நம்பிக்கை: 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸ் மூடியதோடு மாசும் முடிந்தது.

உண்மை: நின்றுபோனது வேலைதான். மேடுகள் ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கரைகின்றன.

தூர் வாரிய வண்டலை வயலுக்கு அள்ளுவது நம் நல்ல வழக்கம். ஆனால் மேட்டுத் தண்ணீர் இறங்கும் ஏரியில், ஜேசிபி இறங்கும் முன்பே ஒரு குழாய் சேற்றை ஆய்வுக்கு எடுத்துவிடுங்கள். ஆர்சனிக் அளவு தெரிந்த பிறகே வண்டலை வயலில் கொட்டுங்கள்.